பீர்க்கன்கரணையின் அபூர்வத் தவளை

இந்த வேலையில் சேர்ந்த முதல் மாதமே, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்திலோ காதுகுத்திலோ உங்களிடம் ஒரு கேள்வி வந்திருக்கும். "பாம்பு பிடிக்கிற வேலையாமே?" இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லியே நான் ஓய்வுபெற்றுவிட்டேன். என் பெரியம்மா மகள் தன் போனில் இன்னும் என்னைப் 'பாம்பு' என்றுதான் பதிந்து வைத்திருக்கிறாள். நாம் பிடிப்பதைவிடக் காத்திருப்பதுதான் அதிகம் என்பது அவளுக்குப் புரியாது. ஓர் இடத்தில் என்னென்ன தவளை, தேரை, பல்லி, அரணை, பாம்பு வாழ்கின்றன என்று பார்த்தும் கேட்டும் எழுதி வைப்பது நம் வேலை. இதை விளக்கிச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: "எழுதி என்ன ஆகப்போகுது?"

அதற்கு நறுக்கென்று ஒரு பதில் என்னிடம் இன்றுவரை இல்லை. ஒரு கதை இருக்கிறது. வலை, கம்பி, டார்ச், தூரம் அளப்பது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். உங்களுக்கு ஒலிப்பதிவு சொல்லித் தருகிற பிரவீன் சார் இந்தக் கதையில் வருகிறார். சொல்லலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டேன், தலையில் கை வைத்துக்கொண்டு சரி என்றார். மாட்டேன் என்றிருந்தாலும் சொல்லித்தான் இருப்பேன்.

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை ஏரி, குட்டை, புதர்க்காடு எல்லாவற்றிலும் தவளைகளையும் ஊர்வனவற்றையும் பார்த்து வந்த வருடம் அது. நான் ஓய்வுபெறச் சில வருடங்கள் இருந்தன. பிரவீனும் அனிதாவும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார்கள். பிரவீன் மேற்கு மலைக்காடுகளில் பயிற்சி எடுத்தவன், அந்தக் காட்டின் நினைப்பாகவே இருப்பான். பம்மலில் பல்லியைப் பார்த்தால்கூட "மலையில இது வேற கலர்ல இருக்கும் மேடம்" என்பான். அனிதா பொழிச்சலூர்ப் பெண். விமானச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்ததால் தனக்கு எந்தச் சத்தத்திலும் எதையும் பிரித்துக் கேட்க முடியும் என்று பெருமை பேசுவாள்.

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்னால் இருந்த ஒரு காலனியில், பொது இடம் என்று விட்டிருந்த மூலையில், மழைநீர் தேங்கித் தேங்கி ஒரு குட்டை உண்டாகியிருந்தது. எங்கள் திட்டத்தில் அந்தக் குட்டை இல்லவே இல்லை. ஏரிக்கரையில் நாங்கள் குனிந்து எதையோ தேடுவதைப் பார்த்துவிட்டு ஜமால் பாய் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"மேடம், நீங்க தவளை பாக்கறவங்களா? எங்க காலனில ஒரு குட்டை கீது. தவளை அதுல கத்துற கத்துல தூக்கமே வராது. அதை மூடப் பாக்கறாங்கோ. கொஞ்சம் வந்து பாருங்க மேடம், புண்ணியமாப் போவும்."

ஜமால் பாய் கல்யாணங்களுக்கு பிரியாணி செய்து கொடுப்பவர். குட்டையை ஒட்டியது அவர் வீடு. பின்கட்டில் ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய அண்டாக்கள் கவிழ்த்து அடுக்கியிருக்கும், பக்கத்தில் ஒரு கிணறு. அரிசி கழுவுவது, அண்டா தேய்ப்பது எல்லாம் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான். கோடையில் காலனி முழுக்க லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போதும் அவர் கிணறு வற்றாது. குட்டை போனால் கிணறு போகும், கிணறு போனால் தொழில் போகும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

எதிர்க்கட்சியையும் சொல்ல வேண்டும். காலனிச் சங்கத்தின் செயலாளர் ரகுராமன் சார், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். நல்ல மனிதர். அவருடைய பேத்தி குளியலறைக்குள் போனபோது அங்கே ஒரு பாம்பு இருந்திருக்கிறது. பாம்பு எப்படியோ வெளியே போய்விட்டது, ஆனால் அந்தக் குழந்தை அதற்குப் பிறகு யாராவது துணைக்கு நின்றால்தான் குளியலறைக்குப் போகிறாள். அந்தக் கோபத்தில்தான் அவர் குட்டையை மூடிவிட்டு ஷட்டில் கோர்ட் போடலாம் என்று சங்கத்தில் சொல்லி, பெரும்பாலானவர்களைச் சம்மதிக்க வைத்திருந்தார். எங்கோ இடித்த கட்டடத்தின் செங்கல், சிமென்ட் கட்டி எல்லாம் ஒரு லாரி வந்து, ரகுராமன் சார் வீட்டு மதிலோரமாகவே கொட்டியும் ஆகிவிட்டது. இரண்டாவது லாரி வந்த அன்று ஜமால் பாய் தன் லோடு ஆட்டோவைக் குறுக்கே நிறுத்திவிட்டார். பெரிய ரகளை. கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆனது: குட்டையில் காப்பாற்றும்படியாக அபூர்வமாக ஏதாவது இருக்கிறதென்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் மூட வேண்டாம், இல்லையென்றால் மூடிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவு.

விவரம் தெரிந்தவர்கள் என்று ஜமால் பாய் பிடித்துக்கொண்டு வந்தது எங்களை.

அபூர்வம் என்ற சொல்லைக் கேட்டதுமே எனக்கு எரிச்சல். சாதாரணமாக ஒன்று உயிரோடு இருப்பதற்கு யாரிடமும் சான்றிதழ் வாங்க வேண்டுமா என்ன? ஆனாலும் ஒப்புக்கொண்டேன். ஐப்பசி மழை பிடித்திருந்தது, தவளைகளைக் கேட்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

முதல் இரண்டு மாலைகளிலும் எதிர்பார்த்ததெல்லாம் இருந்தன. தண்ணீர்மேல் தத்தித் தத்தி ஓடும் தவளை, சீப்பின் பல்லை நகத்தால் நெருடுவதுபோல் கத்தும் சின்னஞ்சிறு தவளை, மழைக்கு மஞ்சள் பூசிக்கொண்டு தாடையின் இரண்டு பக்கமும் நீலமாக ஊதிக் கத்தும் பெரிய தவளை, சொறித்தேரை, கரையில் அரணைகள், தண்ணீர்ப்பாம்பு, ஒரு சாரைப்பாம்பு. ஒரு காலனிக் குட்டைக்கு இது கொழுத்த கணக்கு. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பிரவீனுக்கு நிறையவில்லை.

"எல்லாம் சாதா ஐட்டம் மேடம்" என்றான்.

வியாழக்கிழமை மாலை நான் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டேன். பிரவீனையும் அனிதாவையும் ஆரம்பிக்கச் சொல்லிவிட்டேன். ஒருவர் இந்தக் கரையிலும் மற்றவர் அந்தக் கரையிலும் தனித்தனியாக நின்று, பேசிக்கொள்ளாமல் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நடுவே கோரையும் சீமைக்கருவேலமும் மண்டியிருப்பதால் ஒருவரை ஒருவர் பார்க்கவும் முடியாது. நான் போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டிக்கொண்டு வந்தது. பிரவீன் தெருமுனையிலேயே நனைந்துகொண்டு நின்றான்.

"மேடம், மலைப்புதர்த் தவளை மேடம்!"

"எங்கே?"

"இங்கதான் மேடம், இந்தக் குட்டையில! டிங் டிங்னு, அதே குரல். நான் இந்தப் பக்கம் ரெக்கார்ட் பண்ணிட்டேன். அனிதாவும் அந்தப் பக்கம் தனியா ரெக்கார்ட் பண்ணியிருக்கா. நாங்க பேசிக்கவே இல்ல மேடம்!"

பின்னால் வந்து நின்ற அனிதா தலையை ஆட்டினாள். "சத்தியமா பேசிக்கல மேடம். ரெண்டு பேருக்குமே கேட்டுது."

மேற்கு மலையின் ஈரக்காட்டில் வாழ்கிற தவளை பீர்க்கன்கரணையில் எப்படி? செடி விற்கிறவர்களின் தொட்டியோடு வந்திருக்குமோ? இப்படித் தவளைகள் ஊர் மாறிப் போவது உண்டு. இரண்டு பேர், இரண்டு கரை, இரண்டு பதிவு. நாளைக் காலையில் கேட்கிறேன், அதுவரை யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்றேன்.

நான் சொல்வதற்கு முன்பே பிரவீன் ஜமால் பாயிடம் மூச்சு விட்டிருந்தான். நான் வீட்டுக்கு வந்து தலை துவட்டுவதற்குள் காலனியின் வாட்ஸாப் குழுவில் செய்தி பறந்துவிட்டது. மலையில் மட்டுமே காணப்படும் அபூர்வத் தவளை நம் குட்டையில்! யாரோ இணையத்திலிருந்து ஒரு பச்சைத் தவளையின் படத்தையும் எடுத்துப் போட்டிருந்தார்கள். அது அமெரிக்கத் தவளை.

வெள்ளிக்கிழமை வேறொரு ஏரியில் வேலை. மதியம் வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் ஒரு பெரிய டப்பா. ஜமால் பாய் தவளையைக் கொண்டாட மட்டன் பிரியாணி கொடுத்தனுப்பியிருந்தார். சாப்பிட்டேன். மிக நன்றாக இருந்தது. அந்தப் பிரியாணி மறுநாள் எனக்குப் பெரிய பாரமாகிவிட்டது.

சனிக்கிழமை காலை காபியும் கையுமாக உட்கார்ந்து அனிதாவின் பதிவைக் கேட்டேன். மழை, சின்னத் தவளைகளின் இரைச்சல், அதன் நடுவே தெளிவாக டிங், டிங், டிங். அச்சு அசலாக அதே தவளைதான். எனக்கே மயிர் கூச்செறிந்தது. இன்னொரு தடவை போட்டேன். கடைசி டிங்குக்குப் பின்னால், தூரத்தில் ஏதோ கேட்டது. சத்தத்தைக் கூட்டினேன். ஒரு குருவியின் சீழ்க்கை.

அந்தக் குருவியை எனக்குத் தெரியும். மலைக்காட்டு ஓடைகளில், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பையன் வழியில் பராக்குப் பார்த்துக்கொண்டே அடிக்கிற சீழ்க்கை மாதிரி அடிக்கும். பிரவீனின் பதிவையும் போட்டுக் கேட்டேன். டிங், டிங், டிங், சீழ்க்கை. சற்று இடைவெளி விட்டு மறுபடியும் டிங், டிங், டிங், அதே இடத்தில் அதே சீழ்க்கை.

தவளை ஒன்று செடித்தொட்டியில் ஏறி வந்திருக்கலாம். அதன் பின்னாலேயே மலையிலிருந்து ஒரு குருவியும் வந்து, அது கத்தி முடித்ததும் தாளம் தப்பாமல் சீழ்க்கை அடிக்குமா?

இரண்டு பேரையும் வீட்டுக்கு வரச் சொன்னேன்.

"பிரவீன், அன்னிக்கு உன் போன்ல ஏதாவது தவளைச் சத்தம் போட்டியா?"

"ஒப்பிட்டுப் பாக்க மேடம். லைட்டா ஒரு டிங் கேட்ட மாதிரி இருந்துது. அதான் சாம்பிளைப் போட்டுப் பாத்தேன்."

"இயர்போன்ல?"

"நனைஞ்சிடும்னு பைக்குள்ள வெச்சிட்டேன் மேடம். கொஞ்சம் சத்தமாவே போட்டேன்."

"அனிதா, நீ?"

"நானும் போட்டேன் மேடம். அந்தக் கரையிலேர்ந்து கேட்டுது. அது என்னன்னு ஒப்பிட்டுப் பாக்கத்தான்."

"அந்தக் கரையில யாரு இருந்தா?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் குழுவில் எல்லோர் போனிலும் இருப்பது மலையில் பதிவு செய்த அதே தவளைக் குரல்தான், பின்னணிக் குருவியோடு. இவன் போட்டதைக் கேட்டு அவள் போட்டிருக்கிறாள், அவள் போட்டதைக் கேட்டு இவன் மறுபடி போட்டிருக்கிறான். அந்தி மழையில் இரண்டு போன்கள் குட்டையின் குறுக்கே கொஞ்சிக் குலாவியிருக்கின்றன, இரண்டையும் இரண்டு பேர் பயபக்தியோடு பதிவு செய்திருக்கிறார்கள். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். உலகத்தில் வேறு எந்தத் தொழிலில் இருப்பவருக்கும் இப்படி ஒரு தப்பு செய்ய வாய்ப்பே கிடைக்காது, பிள்ளைகளே.

சிரித்து முடித்தபோது பிரவீன் அழுகிற நிலையில் இருந்தான். "ஆனா மேடம், முதல்ல ஒரு டிங் நிஜமாவே கேட்டுது."

அதையும் பார்த்துவிடலாம் என்று மதியத் தூறலில் மூவரும் போனோம். போன்கள் அணைந்து பைக்குள். அவன் நின்ற இடத்தில் அசையாமல் நின்றோம். கொஞ்ச நேரத்தில் கேட்டது. டிங். பிறகு டிங். சத்தம் வந்த திசையில் வேலியோரமாகப் போனால் ஜமால் பாயின் பின்கட்டு. மாடியின் மழைக்குழாயிலிருந்து கவிழ்த்து வைத்த பிரியாணி அண்டாவின்மேல் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

ஏரிக்கரை டீக்கடையில் உட்கார்ந்த பிறகு பிரவீன் மெதுவாக ஆரம்பித்தான்.

"மேடம், நாளைக்கே சொல்லணுமா? இன்னும் சரிபார்த்துகிட்டு இருக்கோம்னு சொல்லலாமே. அதுவும் பொய் இல்லியே. குட்டை தப்பிச்சிடும். அப்புறமா மெதுவா சொல்லிக்கலாம்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். குட்டை தப்பும், கிணறு தப்பும், மஞ்சள் பூசிய பெரிய தவளைகள் தப்பும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. டீ ஆறும்வரை நானும் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டுதான் இருந்தேன்.

அப்போது எங்கள் பழைய மேடத்தின் ஞாபகம் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் குழுவை நடத்தியவர். பெயர் சொன்னால் திட்டுவார், அதனால் சொல்லவில்லை. ஒரு மலைச்சரிவில் வாரக்கணக்கில் ஆமை தேடினோம். எங்களை அனுப்பியவர்கள் ஜீப்பில் வந்து இறங்கி, "ஒண்ணு ரெண்டாவது இருக்கும் இல்லையா மேடம்?" என்று ஆசையாகக் கேட்டார்கள். அவர், "தேடினோம். கிடைக்கல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். பஸ்ஸில் நான் பொரிந்து தள்ளினேன். இருக்கலாம் என்று சொல்லியிருந்தால் அந்தச் சரிவைப் பாதுகாத்திருப்பார்களே என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சரி, சொல்லிடலாம். நாளைக்கு உண்மையிலேயே ஆமை கிடைச்சா எப்படிச் சொல்லுவே? இது நிஜ ஆமைன்னா?"

பிரவீனிடம் இதைச் சொன்னேன். டீ கிளாஸைக் கீழே வைத்தான். பிறகு, "ஜமால் பாய்கிட்ட நானே சொல்றேன் மேடம்" என்றான். அப்போதுதான் இவன் தேறிவிடுவான் என்று எனக்குத் தோன்றியது. ஒருவருடைய கெட்ட செய்தியை அவர் கூட்டத்தில் எல்லோரோடும் சேர்ந்து முதல்முறையாகக் கேட்கும்படி ஒருபோதும் விடாதீர்கள். முதலில் அவர் வீட்டுக்குப் போங்கள்.

போனோம். பிரவீன் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். ஜமால் பாய் முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். மனைவியைக் கூப்பிட்டு, "இங்க வா, நம்ம அண்டாதான் தவளையாம்!" என்று காட்டினார். சிரிப்பு அடங்கியதும் கிணற்றைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"அப்போ நாளிக்கு இன்னா சொல்லப்போறீங்க மேடம்?"

"உள்ளதைத்தான் பாய்."

"ஒரே ஒரு நாளு மேடம். நாளிக்கு ஒரு நாளு மட்டும் அந்த அண்டா தவளையாவே இருந்துட்டுப் போவட்டுமே."

"முடியாது பாய்."

"நான்தானே உங்களைக் கூப்ட்டேன்? எனக்கு ஒத்தாசையா இருப்பீங்கன்னுதானே கூப்ட்டேன்?"

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு அவர் முகத்தில் அடித்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. எனக்கு அன்று இரவு முழுவதும் மனசு சரியில்லை.

ஞாயிறு காலை, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். தவளை வந்த பிறகு கூட்டத்துக்கு மவுசு கூடியிருந்தது, குழந்தைகள்கூட வந்திருந்தார்கள். ஜமால் பாய் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

எழுந்து நின்று சொன்னேன். போன்களின் காதல், குருவியின் சீழ்க்கை, அண்டா எல்லாவற்றையும். கூட்டம் சிரித்து உருண்டது. பிரவீனும் அனிதாவும் எழுந்து நின்று, "எங்க தப்புதாங்க" என்று சொன்னபோது யாரோ கைதட்டினார்கள்.

ரகுராமன் சார் சிரிக்கவில்லை. நன்றி சொன்னார். "அப்போ அபூர்வமா எதுவும் இல்லை. ஒப்பந்தப்படி லாரியை வரச் சொல்லிடலாம், இல்லையா?"

"அபூர்வமா இல்லை சார்" என்றேன். "சாதாரணமா நிறைய இருக்கு."

"பாம்பு?"

"இருக்கு. தண்ணீர்ப்பாம்பு, சாரை. ரெண்டுக்கும் விஷம் கிடையாது. விஷப்பாம்பு எதையும் குட்டையில நாங்க பாக்கல. பாக்கலைன்னுதான் சொல்றேன், இல்லவே இல்லைன்னு சொல்லல."

அவர் உட்காரப் போனவர் நின்றார். பேத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "எங்க மதிலோரமா அந்தக் கட்டடக் கல்லு கிடக்குதே. அங்க?"

"அங்க நாங்க பாக்கவே இல்ல சார். இப்பப் பாக்கலாம்."

கூட்டமே எழுந்து வந்தது. எல்லோரையும் சாலையின் அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, பூட்ஸும் கொக்கிக் கம்பியுமாக நானும் அனிதாவும் மட்டும் போனோம். மேலே இருந்த சிமென்ட் பலகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். முதலில் எலி வளை. அடுத்து இன்னொரு எலி வளை. சில வாரங்கள்தான் ஆகியிருந்தன, அதற்குள் எலிகள் குடும்பம் நடத்தத் தொடங்கிவிட்டன. மதிலை ஒட்டிய பலகையைத் தூக்கியபோது அனிதா என் கையைத் தொட்டாள். பாம்பு உரித்துப்போட்ட சட்டை, இன்னும் ஈரம் காயாமல் கிடந்தது. மெதுவாக எடுத்து விரித்து, முதுகின் நடுவரிசைச் செதில்களைப் பார்த்தேன். மற்ற செதில்களைவிடப் பெரிதாக, அறுகோணமாக, ஒழுங்காக ஓடின. சந்தேகத்துக்கே இடமில்லை.

"கட்டுவிரியன்" என்றேன். "கடிச்சா ஆளைக் கொல்லும்."

சாலையின் அந்தப் பக்கம் குழந்தைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். ஒரு இளைஞர் மட்டும் கூவினார். "குட்டையைக் காப்பாத்த இதை நீங்களே கொண்டாந்து வெச்சிருக்கலாமே மேடம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரகுராமன் சார் அவர் பக்கம் திரும்பினார்.

"சும்மா இருப்பா. குட்டையைக் காப்பாத்தறதுக்கு அவங்க கையில ஒரு தவளையே இருந்துது. அதை அண்டான்னு அவங்களே வந்து சொன்னாங்க. அவங்க சொல்றதை நான் நம்பறேன்."

பிறகு என்னைப் பார்த்தார். "உள்ள இருக்கா மேடம் அது?"

"தெரியாது சார். சட்டை புதுசு. இருக்கலாம். எலி இருக்கிற இடத்துக்கு அது வரும். குட்டையை இதே கல்லால நிரப்பினா மேட்டுக்குக் கீழ பூரா எலியும் இடுக்கும்தான் இருக்கும். இப்ப அங்க இருக்கிற தண்ணீர்ப்பாம்பும் சாரையும் போக்கிடம் இல்லாம வீடுகளுக்குள்ள வரும். நான் சொல்றது இவ்வளவுதான். முடிவு உங்களோடது."

அவர் மதிலையும் கற்குவியலையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த மதிலுக்கு அந்தப் பக்கம்தான் அவர் பேத்தியின் குளியலறை. முடிவெடுக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. "முதல்ல இதை அள்ளச் சொல்லுங்கப்பா" என்றார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவரே லாரிக்காரரைக் கூப்பிட்டார்.

மறுநாள் வெயில் ஏறியதும் நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள, இயந்திரம் வைத்து அள்ளினார்கள். கடைசிப் பலகைக்குக் கீழே அது சுருண்டிருந்தது, பகலில் மந்தமாக. வனத்துறைக்குச் சொன்னோம், ஒருவர் வந்து பத்திரமாக எடுத்துப் போனார். லாரி டிரைவருக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

"இன்னா மேடம் இது பேஜாரு? அன்னிக்குக் கொட்டுன்னாங்கோ, கொட்னேன். இன்னிக்கு அள்ளுன்றாங்கோ. நாளிக்கு மறுபடியும் கொட்டுன்னு சொல்லமாட்டாங்களே?"

"மாட்டாங்க" என்று என் பின்னாலிருந்து பதில் வந்தது. ஜமால் பாய். கையில் எல்லோருக்கும் டீ. எனக்கு ஒரு கிளாஸைக் கொடுத்தார். "அன்னிக்கு நீங்க அண்டாவைத் தவளைன்னு சொல்லியிருந்தீங்கன்னு வெச்சுக்கோங்க, இந்தச் சட்டையை எவன் மேடம் நம்பியிருப்பான்?" என்றார். எங்கள் பழைய மேடம் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். டீ ரொம்பச் சூடாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

குளியலறைச் சாக்கடைக் குழாயின் வாய்க்குக் கம்பிவலை போடச் சொன்னேன். முதலிலேயே யாராவது அதைச் சொல்லியிருந்தால் இத்தனை ரகளையும் வந்திருக்காது. பேத்தி இப்போது தனியாகப் போகிறாளாம். மேட்டுப்பாங்கான பக்கத்தில் சின்னதாக ஒரு ஷட்டில் கோர்ட்டும் வந்துவிட்டது. அடிக்கிற பந்தில் பாதி குட்டையில் விழுகிறது, அதை எடுக்க ஒரு நீளக் கம்பில் வலை கட்டி வைத்திருக்கிறார்கள். அனிதா இன்றும் யாரைக் குளத்தோரம் அனுப்பினாலும் முதலில் இயர்போன் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறாள். பிரவீன் சார் தன் முதல் வகுப்பில் உங்களுக்கு ஒரு மலைத்தவளைப் பதிவைப் போட்டுக் காட்டி, பின்னணியில் என்ன கேட்கிறது என்று கேட்டிருப்பாரே, அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

எழுதி என்ன ஆகப்போகிறது என்று உங்களையும் கேட்பார்கள். அப்போது இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். எனக்கு இன்னும் ஒவ்வொரு ஐப்பசியிலும் முதல் பெருமழை பிடித்த மாலையில் ஒரு போன் வரும். எடுத்தால் பேச்சே இருக்காது, காது கிழிகிற அளவுக்குத் தவளைச் சத்தம் மட்டும். ரகுராமன் சார் குட்டையோரம் குடையோடு நின்றுகொண்டு போனை நீட்டிப் பிடித்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் குரல் வரும்.

"கேட்டீங்களா மேடம்? இதுல ஏதாவது அபூர்வமா இருக்கா?"

நான் நன்றாகக் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன்.

"இல்ல சார். எல்லாம் சாதாதான்."

"சரி மேடம்," என்பார், "இருக்கட்டும்."